அரை நாள் நார்த்தாமலை: தேறுமா?

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்கும் போகத் தொடங்கியது. அதுவரை ஆங்கிலப் படங்களில் மட்டும் பார்த்திருந்த ஒரு வழக்கம் நம்மூர்க் குடும்பங்களுக்கும் கைக்கெட்டியது. கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் இறங்குவது, தயாராக நிற்கும் பஸ்ஸில் ஏறுவது, நாலு இடம் பார்த்துவிட்டுச் சொன்ன நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்புவது. கப்பல்காரர்கள் இதை ஷோர் எக்ஸ்கர்ஷன் என்கிறார்கள்.

நார்த்தாமலைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இதே தினுசில்தான் வருகின்றன. கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் திருச்சி ஹோட்டலோ செட்டிநாட்டுப் பங்களாவோ இருக்கும். பஸ்ஸுக்குப் பதில் வேன். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று நாலு பெயர் ஒரே நாளில் அடுக்கியிருக்கும். இந்த ‘இறங்கி ஏறும்’ உலா நார்த்தாமலை விஷயத்தில் தேறுமா என்பதுதான் கேள்வி. தேறுகிறதா இல்லையா என்று சொல்ல நான்கு அளவைகளை வைத்துக்கொள்கிறேன்: நேரம், உடம்பு, புரிதல், ஊருக்கு மிஞ்சுவது.

முதலில் இடம். திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில், புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் முன்னால் மேற்கே பிரிந்தால் நார்த்தாமலை. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று பெயர்வரிசை நீளும் ஒன்பது குன்றுகள். சோழர் காலத்தில் வணிகக் குழுக்கள் செல்வாக்கோடு இருந்த நகரம் இது. தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. இன்று சுற்றுவட்டாரத்து மக்களுக்கு நார்த்தாமலை என்றால் முத்துமாரியம்மன், பங்குனித் தேர். வெளியூர்க்காரர்களுக்கு நார்த்தாமலை என்றால் மேலமலை மேல் நிற்கும் விஜயாலய சோழீச்சரம். ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே ஊரில் இரண்டு ஊர்களைப் பார்க்கிறார்கள்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். வேன் நிற்கும் இடத்திலிருந்து மேலமலைக்குப் பாறை மேல் நடந்துதான் போக வேண்டும். செங்குத்து இல்லை; ஆனாலும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி ஏறினால் அரை மணி ஆகிவிடும். வழியில் தலையருவிச் சுனை. அதன் நீருக்கடியில் குடைந்த சிறு கோயிலில் ஒரு லிங்கம் உண்டு. 1857இல் சுனை நீரை இறைத்துவிட்டு, தொண்டைமான் மன்னர் ராமச்சந்திரரின் ராணி அந்த லிங்கத்தை வழிபட்டதாகப் பாறையில் பொறித்துவைத்திருக்கிறார்கள். மேலே போனால் சோழீச்சரம், அதற்கு எதிரே இரண்டு குடைவரைகள். அவசரமில்லாமல் பார்த்து இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். நாலு ஊர்ப் பட்டியலில் இதற்குக் கிடைப்பது ஒரு மணி. அந்த ஒரு மணியில் ஏறி, கோயில் முன் நின்று குடும்பமாக ஒரு படம் எடுத்து, இறங்கலாம். குடைவரைகளை ‘அதுவும் பார்த்தாச்சு’ என்று தூரத்திலிருந்தே முடித்துவிடலாம்.

இங்கேதான் கப்பலோடு ஒப்பிடுவது பலன் தருகிறது. கப்பல் பயணிக்கு விதிக்கப்படும் கெடு நியாயமானது. துறைமுகத்தில் கப்பல் நிற்க நேரம் குறித்திருக்கிறது. மாலைக்குள் கிளம்பியாக வேண்டும். தானாக ஆட்டோ பிடித்துப் போய்த் தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற பயத்தில்தான் குடும்பங்கள் கப்பல்காரரின் உலாவையே கூடுதல் காசு கொடுத்து வாங்குகின்றன. நார்த்தாமலைக்கு வருகிறவருக்கு அப்படி எந்தக் கப்பல் காத்திருக்கிறது? ஹோட்டல் அறை ராத்திரி வரை அவர் பெயரில்தான் இருக்கிறது. கெடுவை விதிப்பது பட்டியல். பட்டியலுக்குத் தலையாட்டியது நாம். கப்பலின் கட்டாயத்தை, கப்பலே இல்லாமல் நாமாகச் சுமந்துகொண்டு வருகிறோம். நேரம் என்ற அளவையில் நாலு ஊர் உலா தோற்கிறது. அரை நாளை இந்த ஓர் ஊருக்கே கொடுத்தால் தாராளமாகத் தேறுகிறது.

அடுத்தது உடம்பு. பேக்கேஜ்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. மேலமலையில் நிழல் கிடையாது. பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். கோயிலருகே செருப்பைக் கழற்றினால் குழந்தைகள் துள்ளுவார்கள். மேலே கடை இல்லை. தண்ணீரைக் கீழிருந்தே தூக்கிப் போக வேண்டும். சுனைகளின் ஓரம் வழுக்கும், ஆழமும் தெரியாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. முட்டிவலி உள்ள பெரியவர்களால் ஏற முடியாது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. இதை வைத்தே ‘குடும்பத்துக்கு ஆகாத இடம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதிதான் சரி. கடம்பர்மலையின் அடிவாரத்தில், ஏறாமலே பார்க்கக்கூடிய முற்காலச் சோழர் கோயில் இருக்கிறது. பக்கத்துப் பாறைச் சரிவிலேயே பெரிதாகக் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலும் சமதரையில்தான். பாட்டி கீழே அம்மனைக் கும்பிட்டு உட்காரட்டும், பேரன் மேலே ஏறட்டும் என்று பிரிந்து போவதில் ஒரு குறையும் இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற பஸ் விதி இங்கே செல்லாது. கார்த்திகையிலிருந்து மாசி வரை, மழை இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் உடம்பு என்ற அளவையில் இடம் தேறும். சித்திரை நண்பகலில் வந்தால் தேறாது. அது இடத்தின் குற்றமுமில்லை.

மூன்றாவது, புரிதல். இதில்தான் அவசர உலா அதிகமாக இழக்கிறது. சோழீச்சரத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இரண்டே வாக்கியம்: ‘விஜயாலய சோழன் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இதுதான் முன்னோடி.’ முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயில்காவலர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டு, இளங்கோவதி அரையர் என்பவர் எடுத்த கற்றளி மழையிலும் இடியிலும் சிதைந்ததாகவும், தென்னவன் தமிழதியரையன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகவும் சொல்கிறது. அதில் சோழ மன்னன் பெயர் இல்லை. விஜயாலய சோழீச்சரம் என்ற பெயர் நமக்குக் கிடைப்பது, நூற்றாண்டுகள் கழித்து வந்த பாண்டியர் காலக் கல்வெட்டில். சோழர் கோயில்களை ஆராய்ந்த எஸ்.ஆர். பாலசுப்ரமணியம் போன்றவர்கள் இதை விஜயாலயன் காலத்துச் சோழர் பணி என்றார்கள். இந்த வட்டாரத்துக் குறுநிலத் தலைவர்களான முத்தரையர் பணி என்று வாதிட்டவர்களும் உண்டு. முன்னவர்களுக்குப் பெயர் துணை. பின்னவர்களுக்கு அதே குன்றில் இருக்கும் முத்தரையர் குடைவரை துணை. கோயிலிலேயே இருந்து நடந்த கதையைச் சொல்லும் கல்வெட்டுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். ஆகவே ‘விஜயாலயன் கட்டியது’ என்பதை முடிந்த முடிவாகக் குழந்தைகளிடம் சொல்வது தப்பு. ‘அவன் பெயரால் வழங்குகிறது, எடுத்தது ஒரு குறுநிலத் தலைவனாக இருக்கலாம்’ என்பதுதான் சான்று தாங்கும் வாக்கியம்.

எதிரே பழியிலி ஈச்சரம் என்ற சின்னக் குடைவரை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பழியிலி குடைந்தது. அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை, முன்மண்டபமும் நந்தியும் அமைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அப்பா குடைந்த கோயிலுக்கு மகள் மண்டபம் எடுத்திருக்கிறாள், ஒன்பதாம் நூற்றாண்டில். குடும்பமாக வந்தவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி இந்தக் குன்றில் இல்லை. அவசர உலாவில் இதற்குத்தான் நேரம் இருப்பதில்லை.

பக்கத்தில் பெரிய குடைவரை, சமணர் குடகு. பெயர் சமணரைச் சொல்கிறது. உள்ளே இருப்பது திருமால். ஒன்றுபோலவே நிற்கும் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு. பிள்ளைகளை எண்ணச் சொன்னால் போதும். ‘ஏன் ஒரே சாமி இத்தனை தடவை?’ என்று அவர்களே கேட்பார்கள். வெளியே மண்டபம் போய்விட்டது, அடித்தளம் மட்டும் நிற்கிறது. குனிந்து பார்த்தால் அதன் விளிம்பில் யானையும் யாளியும் வரிசையாக ஓடும்; மூலைகளில் மகரங்கள்.

சோழீச்சரத்தின் அமைப்பும் நின்று பார்க்க வேண்டியது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், இரண்டுக்கும் நடுவே ஒருவர் நடக்கும் சுற்று. மேலே தளம் தளமாக ஒடுங்கி, உச்சியும் வட்டமாகவே முடிகிறது. சுற்றிலும் எட்டாக இருந்த சிறு கோயில்களில் ஆறு மிஞ்சியிருக்கின்றன. கோயில் மேற்குப் பார்த்தது, குடைவரைகள் கிழக்குப் பார்த்தவை. அதனால் காலை வெயில் குடைவரைகளின் முகப்பில் விழும். சாயங்கால வெயில் கோயிலின் முகப்பில் விழும். எப்போது போகலாம் என்று கேட்பவருக்கு இந்த ஒரு தகவலே பாதி வழிகாட்டி.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று வரும். விடுமுறைக்கு வந்த குடும்பத்துக்குச் சரித்திரப் பாடம் எதற்கு? காற்று வாங்க வந்தவர்களிடம் கல்வெட்டை ஏன் நீட்ட வேண்டும்? கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காற்று வாங்குவதற்கும் அவசரம் உதவாது. அகலப் பாறை, சுனைநீர், சாயங்காலக் காற்று எல்லாம் உட்கார்ந்தவருக்குத்தான் கிடைக்கும். இன்னொன்று, இரண்டு வாக்கியக் கதையும் சரித்திரப் பாடம்தான், பிழையான பாடம். பாடமே வேண்டாம் என்றால் அதையும் சொல்லாமல் விடலாமே.

நான்காவது அளவை, ஊருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது. கப்பல் உலாவின் மீது உலகம் முழுக்க வைக்கப்படும் குற்றச்சாட்டு இதுதான். சாப்பாட்டுக்குக் கப்பலிலேயே பணம் கட்டியவர் கரையில் டீகூடக் குடிப்பதில்லை. ஹெய்ட்டியில் லபாடி என்ற கடற்கரையை ராயல் கரீபியன் நிறுவனம் வேலி போட்டுத் தன் பயணிகளுக்கென்றே வைத்துக்கொண்டது. ஊருக்குள் போகாமலே ஊர் பார்த்ததாகக் கணக்கு. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட நாட்களில், தங்காமல் வந்துபோகும் பகல் விருந்தாளிகளிடம் 5 யூரோ வசூலிக்க ஆரம்பித்தது. நார்த்தாமலையில் வெனிஸின் நெரிசல் இல்லை. கட்டணம் வசூலிக்கச் சொல்வது அபத்தம். ஆனால் குணம் ஒன்றுதான். டிபன் திருச்சியில், மதியச் சாப்பாடு செட்டிநாட்டில். நடுவில் நார்த்தாமலைக்குக் கிடைப்பது பெட்ரோல் புகையும் காலி பிளாஸ்டிக் பாட்டிலும். இந்த அளவையில் இப்போதைய உலா சுத்தமாகத் தோற்கிறது.

இதே அளவையில் இன்னொன்றும் உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் இருக்கின்றன. சாலையில் கல் லாரிகளைப் பார்க்காமல் வர முடியாது. குன்றுகளைக் காக்க வேண்டும் என்ற குரல் உள்ளூரில் எழும்போது, வெளியூரிலிருந்து அதற்குத் துணை நிற்கப் போவது இந்த இடத்தைச் சரியாகப் பார்த்துப் போனவர்கள்தான். செல்ஃபிக்கு வந்தவருக்கு ஒரு குன்று போனால் இன்னொன்று. மகள் எடுத்த மண்டபத்தை அறிந்து போனவருக்கு அப்படித் தோன்றாது. எனவே புரிதல் என்ற அளவையும் ஊர் என்ற அளவையும் தனித்தனி அல்ல.

தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை சில. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், கல்வெட்டுகள் சொல்வதைத் தமிழில் எளிமையாக எழுதிய பலகைகள் வேண்டும். கருத்து வேறுபாடு இருப்பதை அதில் மறைக்க வேண்டாம். அடிவாரத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். ஊர் இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கலாம்; நாலாவது அளவையில் தோற்பதை அதுவே பெருமளவு சரிசெய்யும்.

என் தீர்ப்பு இது. நாலு ஊர்ப் பட்டியலில் ஒன்றாக நார்த்தாமலை தேறாது. அப்படி வருவதைவிட அந்த நேரத்தைச் சித்தன்னவாசலுக்கே கூடுதலாகக் கொடுப்பது மேல். தனி அரை நாளாக, குளிர்ந்த மாதத்தில், ஏற முடிந்தவர்கள் ஏறி முடியாதவர்கள் கீழே இருந்து பார்ப்பதாக வந்தால், எட்டு வயதுப் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லாருக்கும் தேறும். சில மணி நேரமே தங்குவது குறை இல்லை. அந்தச் சில மணியையும் நாலு துண்டாக வெட்டுவதுதான் குறை. அதனால் வேன்காரரிடம் வாடகை பேசும்போதே மற்ற மூன்று பெயர்களில் இரண்டையாவது அடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கே மலையடிக்கு வந்துவிடுங்கள். காபி, டிபனை நார்த்தாமலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.