பறம்பு மலையும் பழைய ஆங்கிலமும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளங்கலை ஆங்கிலம் படிப்பவர்களுக்கு 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' என்றொரு தாள் நெடுங்காலமாக இருந்துவருகிறது. காரைக்குடி மாணவரும் அதை எழுதித்தான் தேறுகிறார். ஆனால் வரலாறு ஒரு தாளிலும் பாட்டு இன்னொரு தாளிலுமாகப் பிரிந்து கிடப்பதால், இரண்டும் அவர் மனத்தில் சேர்வதே இல்லை. அடுத்த கட்டடத்தில் புறநானூறு படிக்கும் தமிழ் மாணவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இந்த இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு வழி போடப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் நடப்பவர்கள்தான் குறைவு.

அந்த வழி பழைய ஆங்கிலத்திலிருந்து புறப்பட்டது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக இருந்த எச். எம். சாட்விக் 1912இல் 'வீரயுகம்' பற்றி ஒரு நூல் எழுதினார். பேயோவுல்ஃப் முதலிய ஜெர்மானிய வீரப்பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்டு, இத்தகைய பாட்டு ஒரு குறிப்பிட்ட சமூகக் கட்டத்தில் பிறப்பது என்று நிறுவ முயன்றார். பிறகு சி. எம். பௌரா அதை இன்னும் பல மொழிகளுக்கு விரித்தார். இந்தக் கருவிகளைச் சங்கப் பாட்டுக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துக் க. கைலாசபதி. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த அவருடைய ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. அதே பர்மிங்காமில் அதே தாம்சனிடம் ஆய்ந்த கா. சிவத்தம்பி, திணை என்பதைப் பாட்டின் அலங்காரமாகப் பார்க்காமல், ஏற்றத்தாழ்வாக வளர்ந்த நிலப்பகுதிகளின் பொருளியலாக விளக்கினார்.

அவர்களுக்கு முன் பாதை வேறாக இருந்தது. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் அச்சேற்றினார். பத்தே ஆண்டில், 1904இல், வி. கனகசபை 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' பற்றி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். பாட்டில் வருவதெல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொண்ட காலம் அது. இங்கிலாந்திலும் பேயோவுல்ஃபை வரலாற்றுச் சுரங்கமாகவே வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1936இல் டோல்கின் எழுந்து, இது முதலில் ஒரு கவிதை, கவிதையாகப் படியுங்கள் என்று பேசிய பேச்சு அந்தத் துறையையே திருப்பியது.

நம் பக்கத்தில் அந்தக் குரலுக்கு ஈடாக நான் வைப்பது வ. சுப. மாணிக்கத்தை. மேலைச்சிவபுரிக்காரர், பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் மாணவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். 1962இல் வந்த அவருடைய ஆங்கில நூல் அகப்பாட்டை அதன் மரபுக்குள்ளிருந்தே விளக்கியது. சமூகச் சூழல் பேசுவோர் அவரைப் பழைய தலைமுறை என்று ஒதுக்குவது பெரும் பிழை. மரபு எது, நடப்பு எது என்று பிரிக்கத் தெரியாமல் பாட்டிலிருந்து சமூகத்தை எடுக்க முடியாது.

பிரிக்கத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்திலேயே சான்று உண்டு. பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்று மரபு சொல்கிறது. மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியதாக உள்ள புறநானூற்று 109ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். உழவர் உழாமலே அந்த மலை தரும் விளைச்சல் நான்கு என்று அவர் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஆகவே யானையும் தேரும் கொண்டு சூழ்ந்தாலும் மலை வசப்படாது. யாழை மீட்டிக்கொண்டு, பின்னால் விறலியர் வர, ஆடியும் பாடியும் போனால் நாட்டையும் மலையையும் சேர்த்தே பாரி கொடுத்துவிடுவான். கொடைச் சிறப்பு என்று இதைப் படித்து முடித்துவிடுவது வழக்கம். கபிலர் தரும் அந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். வயலும் ஏரும் இல்லாத ஒரு மலைத் தலைவன், நெல் விளையும் ஆற்றுவெளிகளைக் கையில் வைத்திருக்கும் மூன்று வேந்தர்களின் எதிரில் நிற்கிறான். அவர்களிடம் படைக்குத் தீனி போட உபரி இருக்கிறது. இவனிடம் இருப்பது, வந்தவனுக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பதால் கிடைக்கும் பெயர். சிவத்தம்பி சொன்ன ஏற்றத்தாழ்வு இந்தப் பாட்டில் கண்முன் தெரிகிறது.

பேயோவுல்ஃபிலும் அரசன் கொடுப்பவனே. பொன் வளையங்களை வழங்குபவன் என்பதே அவனுக்குப் புகழ். ஆனால் அந்தப் பொன் பெரும்பாலும் போய்ச் சேர்வது படைவீரனிடம். வாங்கியவன் போரில் உயிர் கொடுத்துக் கடன் தீர்க்க வேண்டும். புறத்திலும் வீரர்க்குக் கொடை உண்டு. எனினும் பாட்டின் நடுவில் கை நீட்டி நிற்பவர் பாணரும் புலவரும். அவர்கள் ஊர் ஊராக நடப்பவர்கள். வழி சொல்லி அனுப்புவதற்கென்றே ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகை பிறந்துவிட்டது. ஆங்கிலத்தில் விட்சித் போன்ற அலைந்து திரியும் பாடகன் உண்டு, ஆனால் அவனைச் சுற்றி ஒரு பாட்டு வகை எழவில்லை. கைலாசபதி இரண்டு உலகங்களின் ஒப்புமையைத் தேடினார். எனக்கு இந்த வேறுபாடுதான் கூடுதலாகப் பேசுவதாகத் தெரிகிறது.

கைலாசபதியை மறுத்தவர்களும் உண்டு. ஜார்ஜ் ஹார்ட் 1975இல், நமக்குக் கிடைத்திருப்பவை பாணர் பாட்டே அல்ல, அவற்றைப் பின்பற்றிப் புலவர் செய்தவை என்றார். ஹெர்மன் டீக்கன் 2001இல் மொத்தத் தொகுப்பையும் பல நூற்றாண்டு கீழே இறக்கப் பார்த்தார். புகளூர்க் கல்வெட்டில் சேரர் பெயர்களைப் படித்த ஐராவதம் மகாதேவனின் பணியை வைத்துப் பார்த்தால் அது நிற்காது என்பதே என் கருத்து. பேயோவுல்ஃபின் காலமும் இன்னும் தீராத வழக்கு. சுவடி சுமார் கி.பி. 1000ஐச் சேர்ந்தது. பாட்டு அதற்கு எவ்வளவு முந்தியது என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மண்வெட்டி நுழைகிறது. 1939இல் சட்டன் ஹூவில் கப்பலோடு புதைத்த ஓர் ஏழாம் நூற்றாண்டுச் சவக்குழி வெளிப்பட்டது. தலைக்கவசமும் பொன்னும் பாட்டிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தன. சாமானியர் குடியிருந்த வெஸ்ட் ஸ்டோ என்ற ஊரை 1965 முதல் 1972 வரை தோண்டினார்கள். அந்தக் குடிசைகளுக்குப் பேயோவுல்ஃபில் இடமே இல்லை. கீழடி இந்த இரண்டாவது வகை. 2014இல் தொடங்கிய அகழாய்வில் முன்னுக்கு நிற்பவை தக்களிகள், எலும்புமுனைக் கருவிகள், மணிகள், தாயக்கட்டைகள், கீறி எழுதிய பானை ஓடுகள். ஆதன், குவிரன் என்று ஓடுகளில் பெயர்கள் இருக்கின்றன. ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுவதால், பானைக்கு உரியவர்களே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று காலம் வந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் தன் பெயரைக் கீறிய மனிதர் இருக்கிறார். புறநானூற்றில் அவருக்குப் பாட்டில்லை. மண், பாட்டை மெய்ப்பிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்த்தால் இவரை நாம் தவறவிட்டுவிடுவோம்.

சூழலை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று கருதப்படும் மகிபாலன்பட்டி, கதிரேசன் செட்டியாரும் பிறந்த ஊர். பூங்குன்றனார் பாட்டின் முதல் அடி உலக மேடைகள் ஏறிவிட்டது. ஊழைப் பற்றிப் பேசும் மற்ற அடிகளும், அவற்றுக்குப் பின்னிருந்த சமய வாதங்களும் வகுப்பறைக்குள் வருவது அபூர்வம்.

பாட்டையும் மண்ணையும் சேர்த்துப் படிக்க ஒரு முன்மாதிரி உண்டு. டென்மார்க்கில் லெய்ரே என்ற சிற்றூரைப் பேயோவுல்ஃப் பாட்டில் வரும் அரசமண்டபம் இருந்த இடமாக மரபு சொல்லிவந்தது. 1986இல் தோண்டத் தொடங்கியபோது அங்கே பெரிய மண்டபங்களின் அடித்தடங்கள் கிடைத்தன. பாட்டில் வரும் மண்டபம் அதுவேதான் என்று எவரும் சத்தியம் செய்யவில்லை, ஆனால் அதன்பின் பாட்டைப் படிக்கும் விதம் மாறியது. பிரான்மலை அடிவாரத்துக்கும் அப்படி விரிவான கள ஆய்வு வேண்டும். காரைக்குடியின் ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் தங்கள் மாணவர்களைச் சேர்த்தே அங்கு அனுப்பலாம்.