குறத்தியும் ஒரு மனுதாரர்தான்

தமிழில் மிக அதிகமாக அச்சாகி, மிகக் குறைவாகப் படிக்கப்படும் இலக்கிய வகை எது? புதுக்கவிதை என்று சொல்ல வாய் எடுப்பீர்கள். இல்லை. விழிப்புணர்வு வாசகம்.

'மரம் வளர்ப்போம்.' 'இயற்கையைக் காப்போம்.' 'நெகிழியைத் தவிர்ப்போம்.' எல்லாம் 'ஓம்' என்றுதான் முடியும். அந்த 'நாம்' யார், எந்த மரம், எந்த ஊர், எப்போது என்ற விவரம் மட்டும் இருக்காது. ஆட்டோவின் முதுகிலும் எழுதலாம், தாலுகா ஆபீஸ் சுவரிலும் எழுதலாம், குற்றாலத்துக்குப் போகும் வழியில் போர்டாகவும் வைக்கலாம். எங்கே வைத்தாலும் பொருந்துகிற வாக்கியத்தை எந்த ஊர்க்காரனும் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வதில்லை. அதன் கீழேயே உட்கார்ந்து ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பான்.

சுற்றுச்சூழலுக்காகச் சாதாரண ஜனங்கள் பேசுகிற பேச்சில் எது எடுபடுகிறது, எது எடுபடுவதில்லை என்று பார்க்கக் குற்றாலம் நல்ல ஊர். அங்கே இந்தப் பேச்சு 300 வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டது. திருக்குற்றாலக் குறவஞ்சியைத்தான் சொல்கிறேன்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய நாடகம் இது. மதுரை நாயக்க மன்னர் இதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்பார்கள். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்து மையல் கொள்கிறாள். குறி சொல்ல ஒரு குறத்தி வருகிறாள். வசந்தவல்லி அவளிடம் உன் மலை எப்படி என்று கேட்க, குறத்தி சொல்லத் தொடங்குகிறாள்.

அந்த மலைவளப் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, ரெண்டு மார்க் வாங்கி, மறந்தவர்கள் நாம். இப்போது எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள். குறத்தியும் 'ஓம்' விகுதியில்தான் பேசுகிறாள். ஆனால் அது செய்யப்போகிற காரியத்துக்கான 'ஓம்' இல்லை. கிழங்கு தோண்டுவது, தேன் எடுப்பது, தினை இடிப்பது என்று நாங்கள் தினமும் செய்வது இது என்று அடுக்குகிறாள். மலை அழகு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல், அதில் என்னென்ன இருக்கிறது, யார் அதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறாள். குரங்கு, மாம்பழம், செண்பகம், சித்தர்கள் தேடி வரும் மூலிகை எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. தேனருவி எம்பிக் குதித்ததில் சூரியனின் தேர்ச் சக்கரம் வழுக்குகிறது என்று அவள் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், அருவியின் பெயர் தேனருவி என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறாள்.

(ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யானைக் கொம்பை ஒடித்து தினை இடிப்பதாக அவள் பெருமைப்படுகிற இடமும் உண்டு. அவள் புருஷன் சிங்கன் பறவைகளுக்குக் கண்ணி வைக்கிற படலம் தனி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்பத்தோடு உள்ளே போயிருப்பார்கள். அவளைப் பசுமைத் தாயாக்கி போஸ்டர் அடிக்க நினைப்பவர்கள் கவனிக்க.)

இன்னொரு இடம். அருவி முத்துக்களை அடித்துக்கொண்டு வந்து முற்றமெல்லாம் பரவி, பெண் குழந்தைகள் கட்டிய மணல் வீட்டை வாரிக்கொண்டு ஓடுகிறது. வாத்தியார் இதை 'நயம்' என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு இப்போது அது அந்த ஊர்க்காரி சொன்ன தகவலாகவும் கேட்கிறது. இந்தத் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது என்கிறாள். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். டி.வி.யில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்பே இப்படியா என்று ஆச்சரியப்பட்டார்கள். அருவியை நாம் ஒரு பெரிய ஷவர் என்று நினைத்து வருஷக்கணக்காகிவிட்டது. மேலே மலை இருக்கிறது, அங்கே பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது என்ற ஞாபகமே இல்லை.

குறவஞ்சியை ரசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரசிகமணி டி.கே.சி. பிற்காலத்தில் குற்றாலத்திலேயே குடியிருந்தார். ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த வீடு அவருடையது. 1954-ல் அவர் காலமானார். பண்டிதர்களின் பிடியில் இருந்த கவிதையைச் சாதாரண ஆளின் காதுக்குக் கொண்டுவந்தது அவருடைய பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் குறையெல்லாம் அவருக்குப் பின்னால் வந்த நம்மிடம். 'அடடா'வை மட்டும் எடுத்துக்கொண்டோம். குற்றாலம் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளை அடுக்கினால் அருவியின் பாதி உயரம் வரும். எல்லாவற்றிலும் சாரல், சிலிர்ப்பு, மிளகாய் பஜ்ஜி. தண்ணீர் விழுந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்ட கட்டுரையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே போகிறது? சிற்றாறாக ஓடித் தென்காசியைத் தாண்டி, வயல்களுக்கும் குளங்களுக்கும் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. குற்றாலத்தில் தலையில் தேய்த்த சோப்பு, கீழே இருப்பவனின் வயலுக்குப் போகிறது.

இதைக் கேட்டது இலக்கியம் இல்லை, பொதுநல மனு. 2014-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை விதித்தது. நூற்றுக்கணக்கான விழிப்புணர்வு போர்டுகள் செய்யாததை ஒரு மனு செய்தது.

மனு என்கிற இலக்கிய வகையைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. எழுதலாம். 'பெறுநர்', 'பொருள்', 'மேற்படி', 'ஆவன செய்யுமாறு' என்று அதன் உரைநடை சகிக்காது. ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும். ஆனால் நல்ல மனுவில் சர்வே நம்பர் இருக்கும். எந்த ஓடை, எந்தத் தேதி, யாரிடம் முன்பே சொன்னோம், அவர் என்ன செய்யவில்லை என்றெல்லாம் இருக்கும். குறத்தி சொன்ன கணக்கு மாதிரிதான். அவளுக்குச் சந்தம் வாய்த்தது. மனுதாரருக்கு அருகில் இருக்கும் டைப்பிங் சென்டர் வாய்த்தது.

மனுவால் எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. எண்ணெய்க்குத் தடை என்றால், எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைப்பவர்களும் குற்றாலத்தில் இருக்கிறார்கள். அருவிக்குப் பரிந்து பேசியவர்கள் அவர்களுக்கும் சேர்த்து ஒரு பாரா எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஷாம்பு கம்பெனி இந்தத் தடையால் ஒன்றும் நஷ்டப்படாது. தேய்த்துவிடுகிற ஆளுக்கு அன்றைய சாப்பாடு போயிற்று.

2022-ல் இன்னொரு மனு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தனியார் விடுதிகள் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கை அருவி உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன என்று புகார். மதுரைக் கிளை கடுமையாக எடுத்துக்கொண்டு நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஓர் அருவியைச் சந்துக்குள் கூட்டிப்போய், டிக்கெட் போட்டு, ரூம் வாடகையில் சேர்த்திருக்கிறார்கள்! திரிகூடராசப்பருக்குக்கூட இந்தக் கற்பனை வரவில்லை. இதைக் கேட்கப் போனவரை ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை. 'அவருக்கு வேற சோலி இல்லவே.'

வேறு சோலி இல்லாதவர்கள் மலைக்கு அந்தப் பக்கமும் இருந்தார்கள். 1970-களில் கேரள மின்வாரியம் சைலன்ட் வேலியில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டது. புகை இல்லை, கரி இல்லை, தண்ணீரில் வரும் சுத்தமான மின்சாரம். எதிர்த்தவர்களில் விஞ்ஞானிகள் இருந்தார்கள், சாஸ்திர சாஹித்ய பரிஷத்தின் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், சுகதகுமாரி மாதிரிக் கவிஞர்களும் இருந்தார்கள். கவிஞர்களை 'மரக்கவிகள்' என்று கேலி செய்தார்கள். சுகதகுமாரி மரத்தைப் போற்றி ஒரு கவிதை எழுதி அதைக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படித்தார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

கவிதை மட்டும் அணையை நிறுத்தவில்லை. பரிஷத் ஆட்கள் இந்த அணை இல்லாமலே மலபாருக்கு மின்சாரம் எப்படிக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கவிதையும் கணக்கும் ஒரே மேடையில் உட்கார்ந்தது அங்கே நடந்த விசேஷம். நம் பக்கத்தில் கவிதை ஒரு மேடையிலும் கணக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை வரிசையிலும் நிற்கிறது.

'சுத்தமான மின்சாரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். கூடங்குளமும் அந்தப் பெயரில்தான் வந்தது. 2011, 2012-ல் இடிந்தகரையில் உட்கார்ந்த மீனவப் பெண்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு எந்தக் கட்சி வேண்டுமானாலும் இருக்கலாம். 'சுத்தம்' என்று சொன்னவுடன் கேட்பவன் குற்றவாளி ஆகிவிடுவதை மட்டும் கவனியுங்கள்.

இனி காற்றாலை. இதில் நான் ஆதரவுக் கட்சி. நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிட்டால் காற்று எவ்வளவோ மேல். குற்றாலத்துக்கும் இதற்கும் ரத்த சம்பந்தமே உண்டு. ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குக் காற்றுதான் உங்கள் முகத்தில் சாரலை அடிக்கிறது. ஈரத்தை மலையில் இறக்கி வைத்துவிட்டுக் கிழக்கே போய், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்தில் காற்றாலையைச் சுற்றுகிறது. அருவியில் தண்ணீர் கொட்டுகிற மாதங்களில்தான் காற்றாலையும் ஓடும். ரெண்டுக்கும் ஒரே சீசன். 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பித்த தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருமைப்படலாம்.

ஆனால் இதைப் பற்றித் தமிழில் வந்திருக்கிற எழுத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் விளம்பரம்: பச்சைப் புல், வெள்ளைக் காற்றாடி, சிரிக்கும் குழந்தை. இன்னொரு பக்கம் பங்கு பெறுவோருக்கான ஆண்டறிக்கை. கம்பத்தின் அடியில் இருக்கிற ஊர் ரெண்டிலும் கிடையாது. இறக்கையை ஏற்றி வந்த நீள லாரி திரும்புவதற்காக எந்த மரத்தை வெட்டினார்கள், மழைத் தண்ணீர் குளத்துக்குப் போகிற ஓடை புது ரோட்டுக்கு அடியில் போய்விட்டதா, மின்கம்பி யார் வயல் வழியாகப் போகிறது என்று ஊர்க்காரர் கேட்டால், 'நீங்க காற்றாலைக்கு எதிரியா?' என்று கேட்பார்கள். அவர் எதிரி இல்லை சார், ஓடை எங்கே என்று கேட்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பதற்கு அவருக்கு மேடையும் கிடையாது. அனல் மின் நிலையம் கட்டுவதென்றால் 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, போலீஸ் வைத்து, சத்தமாகவாவது நடக்கும். காற்றாலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. சுத்தமானது, ஆகவே கேட்க வேண்டியதில்லை என்பது ஏற்பாடு.

தமிழக அரசு 2024-ல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. வயதான சின்னக் காற்றாலைகளைக் கழற்றிவிட்டு, அதே காற்றுக்கு உயரமான, பெரிய காற்றாலைகளை நிறுத்தலாம். நல்ல யோசனை. குறைந்த கம்பங்களில் நிறைய மின்சாரம் வரும். அதற்குப் புது அஸ்திவாரம், புது ரோடு, புது லாரி எல்லாம் வரும். முதல் தடவை கேட்காமல் விட்டதைக் கேட்க இது ரெண்டாவது சந்தர்ப்பம். சட்டம் கூப்பிடாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. வருஷத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கட்டாயம் கூடும். ஆகஸ்ட் 15 காற்றுக் காலத்தின் நடுவில் வருகிறது. கூட்டம் நடக்கும்போதே தலைக்கு மேல் இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும். வசந்தவல்லி குறத்தியைக் கேட்ட மாதிரி, உங்கள் ஓடை எது, குளம் எது, வரிசையாகச் சொல்லுங்கள் என்று தலைவர் கேட்டு, கிளார்க் அதைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதிவைத்தால், அந்தப் பக்கத்தை விமர்சிக்க நான் தயார்.