பெருமிதம் பிறக்கும் இடம்: ஒரு ரசிகர் விரும்பும் மூன்று படங்கள்

திரைப்பட ரசிகரின் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. "அருமை" என்பார்; அன்றேல் "அறுவை" என்பார். கற்றறிந்தோர் இதனைத் திறனாய்வு என ஒப்புவதில்லை. ஆயின், திறனாய்வு முளைவிடும் நிலம் அதுவே. சுவைத்தவனே "ஏன் சுவைத்தேன்?" என வினவ இயலும், சுவைக்காதவனுக்கு அவ்வினா எழுவதே இல்லை. குறை ரசிகரிடம் இல்லை. அவரை அந்த ஒரு சொல்லிலேயே நிறுத்திவிடும் நம் கல்வியில் இருக்கிறது.

கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே அமைந்த தெலுக் பங்லிமா காராங்கில் வாழும் ஒரு ரசிகரை எண்ணிப் பார்ப்போம். அவர் தனியொருவர் அல்லர். ஒரு தலைமுறையின் உருவம். தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிக் காட்டிய படங்களைத் தரையில் அமர்ந்து கண்டவர். பின்னர்ப் பேருந்தேறிக் கிள்ளான் கொட்டகைகளுக்குச் சென்றவர். இன்று பேரங்காடித் திரையரங்கிலும் கைப்பேசியிலும் படம் பார்ப்பவர். செம்பனையும் தொழிற்சாலையும் அருகருகே நிற்கும் வட்டாரம் அவருடையது. தோட்டத்தை நீங்கி ஆலைக்குப் பெயர்ந்த வாழ்க்கை அவர்க்கு ஏட்டுச் செய்தி அன்று, பட்டறிவு. ஆகவே, மலேசியத் தமிழரின் அவ்வாழ்க்கையைக் கருவாகக் கொண்ட 'கபாலி', 'செம்மண் சாலை', 'ஜகாட்' என்னும் மூன்று படங்களில் அவர் எதனைக் கண்டு மகிழ்கிறார் என ஆராய்வது பயனுடையது.

அதற்கு அளவுகோல் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறி, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கினை வகுத்துள்ளார். கல்வி, அஞ்சாமையாகிய தறுகண்மை, புகழ், கொடை ஆகியவற்றால் பெருமிதம் தோன்றும் என்பது அவர் கோட்பாடு. அவற்றுள் கல்வி முதலில் வைத்து எண்ணப்பட்டிருப்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' 2016 சூலை 22ஆம் நாள் வெளிவந்தது. படப்பிடிப்பின் பெரும்பகுதி மலேசியாவிலேயே நிகழ்ந்தது. தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்தில் வளர்ந்த ஒருவன் குண்டர் கும்பலின் தலைவனாகிச் சிறைசென்று மீள்வதே கதை. தமிழகத்தின் புகழ்மிக்க நடிகர் மலேசியத் தமிழனாகத் திரையில் தோன்றியபோது, நம் ரசிகர் எழுந்து நின்று கைதட்டினார். அக்கைதட்டலை எள்ளி நகையாடுதல் தகாது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட மக்கள் தங்களைப் பெரிய உருவில் கண்டு மகிழ்ந்த மகிழ்ச்சி அது. கபாலி அணியும் மேற்சட்டையே மான உணர்வின் அடையாளமாகப் படத்தில் பேசப்படுவதும் நினைக்கத்தக்கது.

எனினும், அப்பெருமிதம் எந்த நிலைக்களனில் பிறந்தது? பெரும்பான்மையும் தறுகண்மையில். வழிதவறிய இளைஞர்க்குக் கபாலி ஒரு பள்ளி நடத்துகிறான். அம்மாணவர்களின் வினாக்களுக்கு விடையும் தருகிறான். கொடையும் கல்வியும் அங்கே இல்லாமல் இல்லை. ஆயின், படம் முடிந்து வீடு திரும்பும் சிறுவன் பின்பற்ற விழைவது அப்பள்ளியையா, கபாலியின் நடையையா? மலேசியாவில் திரையிடப்பட்ட படத்தின் இறுதியில், கபாலி காவல்துறையினரிடம் சரணடைந்ததாக ஒரு குறிப்புச் சேர்க்கப்பட்டது. இரண்டரை மணி நேரம் நெஞ்சில் ஏறிய உணர்ச்சியை இறுதியில் தோன்றும் ஒரு வரி இறக்கிவிடுமா? எழுத்தறிவுறுத்தும் ஆசிரியர் எவரும் அதனை நம்பார்.

தறுகண்மையை விடுத்துக் கல்வியில் பெருமிதம் தேடிய படம் அதற்குப் பதினோராண்டு முன்னரே இந்நாட்டில் உருவாகியிருந்தது. தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' (2005) அது. 1960களின் ரப்பர்த் தோட்டத்தில் வாழும் ஒரு பெண் பல்கலைக்கழகம் செல்ல விரும்புகிறாள். குடும்பத்தின் வறுமை குறுக்கே நிற்கிறது. இவ்வளவே கதை. வெட்டும் குத்தும் இல்லை. உரத்த வசனமும் இல்லை. நம் ரசிகர் இப்படத்தை "மெதுவாகப் போகிறது" என்பார். உண்மைதான். பால்மரக் காட்டில் விடியலும் மெதுவாகவே வருகிறது! அப்பெண்ணின் விருப்பத்தில் ஒரு சமூகத்தின் விருப்பமே அடங்கியிருப்பதை உணர்ந்தபின், அந்த மெதுவான ஓட்டம் குறையாகத் தோன்றாது.

மூன்றாவது படமாகிய 'ஜகாட்' பெருமிதத்தை நாடவே இல்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த இப்படம், 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. 'ஜாஹாட்' என்னும் மலாய்ச் சொல் 'கெட்ட' எனப் பொருள்படும். அது நம்மவர் நாவில் திரிந்து 'ஜகாட்' ஆயிற்று. தலைப்பே மலேசியத் தமிழரின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. உழைத்துக் களைத்த தந்தை மணியம், வன்முறைக் கும்பலிலும் போதைப் பழக்கத்திலும் சிக்கிய சிற்றப்பன்மார், இவர்களுக்கு நடுவே அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அறிவும் குறும்பும் கற்பனையும் உடைய அவனைத் தந்தையின் கோலும் திருத்தவில்லை, பள்ளியும் புரிந்துகொள்ளவில்லை.

அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எண்ணிய இழிவும் இழப்பும் தளர்ச்சியும் வறுமையும் இப்படத்தில் நிறைந்துள்ளன. 'கபாலி' வளர்ந்த குண்டனின் வீரத்தைக் காட்டியது. 'ஜகாட்' ஒரு குழந்தை அப்பாதைக்குத் தள்ளப்படும் விதத்தைக் காட்டியது. முன்னது கனியைக் காட்டிற்று. பின்னது வேரைத் தோண்டிற்று. 2016இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்கள் முதலில் தனிப்பிரிவில் ஒதுக்கப்பட்டன. கலைஞர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பின்னர் விதி மாற்றப்பட்டது. முடிவில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படத்துக்கான விருதினைப் பெற்றது. அவ்விருது தமிழர்க்குப் பெருமை சேர்த்தது. ஆயின், அப்படம் எழுப்பிய வினாவுக்கு அவ்விருது விடையாகாது. அவ்வினா தமிழாசிரியரை நோக்கியது: "அப்போய் உங்கள் வகுப்பில் அமர்ந்திருந்தால் அவனை எந்தப் பெயரால் அழைப்பீர்கள்?"

இங்கேதான் ரசிகரின் ஒற்றைச் சொல் போதாமற் போகிறது. 'கபாலி'யையும் "அருமை" என்றார். 'ஜகாட்'டையும் "அருமை" என்றார். முன்னதில் அவர் தம்மை மறந்தார். பின்னதில் தம்மைக் கண்டார். இரண்டும் கலை தரும் இன்பங்களே. ஆனால், இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துச் சொல்லும் ஆற்றலே திறனாய்வு. வெள்ளிக்கிழமை பார்த்த படத்தைத் திங்கட்கிழமை வகுப்பில் பேசும் மாணவனை "படிப்பைப் பார்" என அடக்குவது எளிது. "எந்தக் காட்சி உன்னைத் தொட்டது? அங்கே எழுந்தது பெருமிதமா, வெகுளியா, அழுகையா? அது எதனால் பிறந்தது?" என வினவுவதே ஆசிரியப் பணி. அவ்வினாவுக்கு ஒரு பத்தி விடை எழுதும் மாணவன், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக மட்டும் கற்றவனாக இருக்கமாட்டான்.

மலேசியத் தமிழ்ப் படங்கள் வாழ வேண்டுமாயின், அவற்றை இரக்கத்தால் பாராட்டும் கூட்டம் மட்டும் போதாது. காரணத்தோடு விரும்பும் ரசிகரும் காரணத்தோடு மறுக்கும் ரசிகரும் வேண்டும். அத்தகையோர் கொட்டகையில் உருவாவதில்லை, வகுப்பறையில் உருவாகின்றனர். பெருமிதத்தின் முதல் நிலைக்களன் கல்வி என்று முன்னோர் கண்டது இதனால்தான் போலும்.