சாயத்தை எண்ணும் கருவி

தந்துகிக் குழாய் எலக்ட்ரோபோரெசிஸ் கருவியின் பெருமையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை முன்வைக்கிறார்கள்: லேசர் உடனொளிர்வு டிடெக்டர் கண்டறியும் மிகக் குறைந்த அளவு. 1981இல் ஜார்கென்சனும் லூகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் பொருள்களைப் பிரித்தபோதே உடனொளிர்தலைக் கொண்டுதான் பார்த்தார்கள். 1985இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் சேரின் குழு அதில் லேசரைப் பயன்படுத்தியது. 1988இல் செங்கும் டோவிச்சியும் அமினோ அமிலங்களில் அட்டோமோலுக்கும் கீழே இறங்கினார்கள். அடுத்து செப்டோமோல், பிறகு ஒற்றை மூலக்கூறு என்று போட்டி வளர்ந்தது. ஆனால் அந்த எண் எதை எண்ணிக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவதும் கூடவே வழக்கமாகிவிட்டது.

இந்த முறையின் வலிமையில் ஐயமில்லை. புறஊதா ஒளியை உறிஞ்சும் அளவைப் பார்க்கும் டிடெக்டருக்கு ஒளி கடக்கும் தூரம் வேண்டும். 50 மைக்ரோமீட்டர் குழாயில் அந்தத் தூரம், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் கிடைப்பதில் 200இல் ஒரு பங்குதான். அதனால் அது மைக்ரோமோலார் அளவிலேயே திணறும். உடனொளிர்தலோ இருட்டுப் பின்னணியில் தெரியும் வெளிச்சம். லேசரைக் கூட்டினால், சாயம் வெளுக்கும்வரை, அதுவும் கூடும். டிஎன்ஏ வரிசை அறிவதில் இதன் சாதனை நிலையானது. 1986இல் லாயிட் ஸ்மித், லிராய் ஹூட் குழு நான்கு நிறச் சாயங்களைக் கொண்டுவந்தது. மனித மரபணுத்தொகையைப் படித்த 96 குழாய்க் கருவிகள் அதன் வழியில் வந்தவை. அங்கே ஒவ்வோர் இழைக்கும் ஒரே சாயம், அதுவும் இழை உருவாகும்போதே சேர்ந்துவிடுகிறது. நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவது போன்ற குறைகளைக் கணக்கால் சரிசெய்யலாம்.

சிக்கல் புரதங்களிலும் பெப்டைடுகளிலும் அமினோ அமிலங்களிலும்தான். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுறு ஒளி லேசருக்கு ஒளிராதவை. ஆகவே ஃபுளூரசீன் ஐசோதயோசயனேட் போன்ற ஒரு சாயத்தை வேதிவினையால் ஒட்ட வேண்டும். காரத் தன்மையுள்ள பஃபரில், இருட்டில், மணிக்கணக்கில் நடக்கும் வினை அது. வழக்கமான ஆய்வில் இந்த ஒட்டுதல் மாதிரி அடர்த்தியாக இருக்கும்போது, 0.1 மில்லிமோலார் அளவில், செய்யப்படுகிறது. பிறகு கலவை லட்சம் மடங்கு நீர்க்கப்படுகிறது. அப்படிக் கிடைத்த ஒரு நானோமோலார் கரைசலில் ஒரு நானோலிட்டர் குழாய்க்குள் போனால் அது ஓர் அட்டோமோல், ஏறத்தாழ 6 லட்சம் மூலக்கூறுகள். டிடெக்டர் அதைக் காண்கிறது. கண்டறியும் எல்லை என்று அச்சேறுவது இதுதான்.

உண்மையான மாதிரியோ முதலிலேயே நீர்த்ததாகத்தான் வருகிறது. செல்லிலிருந்தோ மூளைத் திரவத்திலிருந்தோ எடுத்த கரைசலில் பெப்டைடு ஒரு நானோமோலார்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். வினையின் வேகம் சாயத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. மாதிரி நீர்த்திருக்கிறது என்பதற்காகச் சாயத்தையும் நீர்க்க முடியாது. சாயத்தை 0.1 மில்லிமோலாரில் வைத்தால் அது மாதிரியைவிட லட்சம் மடங்கு அதிகம். அந்தச் சாயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாசு இருந்தாலும், மாசின் அளவு 100 நானோமோலார், அதாவது தேடும் பொருளைப்போல் நூறு மடங்கு. மாதிரியே இல்லாமல் சாயத்தை மட்டும் ஓட்டிய வரைபடத்தைப் பார்த்தால் இது கண்கூடு. மிஞ்சிய சாயத்தின் பெரிய முகடு காகிதத்தின் உச்சியைத் தொட்டு நிற்கும். அதன் இருபுறமும் நீராற்பகுப்பால் வந்தவை, மாசுகள் என்று சிறு முகடுகள் வரிசையாக எழும். தேடும் பெப்டைடு அவற்றில் ஒன்றின் அடியில் புதைந்துவிடும். முன்பு சொன்ன நீர்த்தல் முறையில் இந்த மாசுகளும் சேர்ந்தே லட்சம் மடங்கு குறைந்துவிடுகின்றன. அடிக்கோடு அவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

நீர்த்தல் டிடெக்டரைச் சோதிக்க மட்டுமே, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். டிடெக்டரைச் சோதிக்கத் தூய ஃபுளூரசீன் கரைசலே போதும். அமினோ அமிலத்தின் பெயரைச் சொல்லித் தலைப்பிடத் தேவையில்லை. மோல் கணக்கும் இதே மயக்கத்தை வளர்க்கிறது. குழாய்க்குள் போன நானோலிட்டரை மட்டும் எண்ணினால் எந்த எண்ணும் சிறியதாகத் தெரியும். ஆனால் ஒட்டுதல் நடக்கும் குப்பியில் மைக்ரோலிட்டர் கணக்கில் திரவம் வேண்டும். ஆய்வாளருக்குத் தேவையானது செறிவின் எல்லை, அதுவும் அந்தச் செறிவிலேயே சாயம் ஒட்டிப் பெற்ற எல்லை.

சாயம் ஒட்டினாலும் அது ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை. மனித இன்சுலினில் சாயம் பற்றக்கூடிய அமினோ தொகுதிகள் மூன்று: ஏ சங்கிலியின் முதல் கிளைசின், பி சங்கிலியின் முதல் ஃபினைல்அலனின், அதன் 29ஆம் இடத்து லைசின். எது பற்றும், எது விடும் என்ற சேர்க்கைகள், ஒன்றுகூடப் பற்றாததை விட்டால், ஏழு. ஃபுளூரசீன் பற்றும் ஒவ்வோர் இடத்திலும் மின்சுமை மாறுவதால் ஒரே இன்சுலின் பல முகடுகளாகச் சிதறும். கோழிமுட்டை லைசோசைமில் அத்தகைய தொகுதிகள் ஏழு; சேர்க்கைகள் 127. தந்துகிக் குழாயின் உண்மையான பெருமை அதன் கூர்மையான பிரிப்பு. டிடெக்டருக்காகச் செய்யும் வேதிவினை அந்தப் பெருமையையே அழிக்கிறது. மூன்று சாயம் ஏறிய மூலக்கூறு மூன்று மடங்கு ஒளிர்வதும் இல்லை. அருகருகே நிற்கும் சாயங்கள் ஒன்றின் ஒளியை மற்றொன்று தணிக்கின்றன. முகட்டின் பரப்பைப் பொருளின் அளவாகப் படிக்க அங்கே வழியில்லை.

ஒட்டிய பிறகே ஒளிரும் சாயங்கள் பின்னணியைப் பெரிதும் குறைக்கின்றன. பல இடங்களில் ஒட்டும் சிக்கல் அவற்றிலும் அப்படியே இருக்கிறது. சாயமே இல்லாமல், ஆழ்ந்த புறஊதா லேசரால் டிரிப்டோஃபேனின் இயல்பான ஒளிர்வைப் பார்ப்பது இன்னொரு வழி. அதன் எல்லை எண்கள் அத்தனை கவர்ச்சியானவை அல்ல, ஆனால் அவை மாதிரியின் எண்கள். டிரிப்டோஃபேன் இல்லாத புரதங்களுக்கு அந்த வழி கடினம். இன்சுலினில் அது ஒன்றுகூடக் கிடையாது, மங்கலாக ஒளிரும் டைரோசின் நான்கு மட்டுமே உண்டு.