அளவு முதலில், டிராவல் பிறகு: ஸ்டம்ப்ஜம்பர் ஈவோவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மவுண்டன் பைக் எனப்படும் மலைப்பாதை மிதிவண்டியை வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது அதன் சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான். ஆனால் செங்குத்தான ஏற்றம், வேர்களும் கற்களும் மண்டிய இறக்கம், நாள் முழுவதும் நீளும் காட்டுப்பாதை ஆகிய எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கடக்க விரும்புபவருக்கு, வண்டியின் சட்டகம் தம் உடலுக்கும் தாம் ஓட்டும் விதத்துக்கும் பொருந்துகிறதா என்பதே அதற்கும் முந்திய கேள்வியாகும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 2021 மாடலான ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ, சிறிது, நடுத்தரம், பெரிது என்ற பழைய அளவுமுறையைக் கைவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு அளவுகளில் வந்தது. வாங்கிய பிறகும் கோணங்களை மாற்றிக்கொள்ளும் வசதியையும் அது தந்தது. ஆகவே அளவுத் தேர்வை விளங்கிக்கொள்ள அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயருக்கு இத்துறையில் நெடிய வரலாறு உண்டு. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில், டமால்பயஸ் மலையின் மண்பாதைகளில் பழைய கனத்த மிதிவண்டிகளை இறக்கி ஓட்டிய இளைஞர்களிடமிருந்து உருவான இந்த வண்டி வகையை, 1981இல் தொழிற்சாலை உற்பத்தியாகப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்தப் பெயர்தான். முதல் வண்டியில் அதிர்வைத் தாங்க டயரில் இருந்த காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஈவோவிலோ முன்சக்கரத்துக்கு 160 மி.மீ., பின்சக்கரத்துக்கு 150 மி.மீ. டிராவல் இருக்கிறது. டிராவல் என்பது மேடு பள்ளத்தில் மோதும்போது சக்கரம் சட்டகத்தை நோக்கி அதிகபட்சம் எவ்வளவு தூரம் மேலெழ முடியும் என்பதைக் குறிக்கும் அளவு. முன்னும் பின்னும் அத்தகைய அசைவு உள்ள வண்டியே முழு சஸ்பென்ஷன் வண்டி.

டிராவல் எவ்வளவு வேண்டும்?

பந்தயத்துக்கான கிராஸ் கன்ட்ரி வண்டிகள் ஏறத்தாழ 100 முதல் 120 மி.மீ. வரையும், பொதுப் பயன்பாட்டுக்கான டிரெயில் வண்டிகள் 120 முதல் 150 மி.மீ. வரையும், கடும் இறக்கங்களுக்கான எண்டூரோ வண்டிகள் 160 முதல் 180 மி.மீ. வரையும், ஏற்றத்தைப் பொருட்படுத்தாத டவுன்ஹில் வண்டிகள் 200 மி.மீ. அளவிலும் அமைகின்றன. டிராவல் கூடக்கூட எடை கூடுகிறது. மிதிக்கும் விசையில் ஒரு பகுதி ஷாக் அப்சார்பரை அசைப்பதிலேயே செலவாகிறது. சீரான பாதையில் வண்டி மந்தமாகவும் உணரப்படுகிறது. கூடுதல் டிராவலின் பயன் கற்கள் பெரிதாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள இடங்களில்தான் தெரியவருகிறது. ஆகவே ஒருவர் எப்போதாவது சந்திக்கும் மிகக் கடினமான பாதையை மனத்தில் வைத்து டிராவலைத் தேர்ந்தெடுக்காமல், அடிக்கடி ஓட்டும் பாதையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.

இந்த வகைப்பாட்டில் ஈவோ, டிரெயில் வண்டிக்கும் எண்டூரோ வண்டிக்கும் நடுவில் நிற்கிறது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரை ஒட்டிய ஸ்லிக்ராக் பாதையில் மணற்பாறை மேடுகள் குறுகிய தூரத்துக்குள் செங்குத்தாக ஏறி இறங்குவதால், அங்கே வண்டி பின்சக்கரப் பிடியை இழக்காமல் மிதிக்க இடங்கொடுக்க வேண்டும். கனடாவின் ஸ்குவாமிஷ் காடுகளிலோ ஈரமான வேர்களும் வழுக்கும் பாறைச் சரிவுகளும் முன்சக்கரத்தின் நிதானத்தையே சோதிக்கின்றன. இவ்விரு வகை நிலத்தையும் ஒரே வண்டியில் ஓட்ட விரும்புபவருக்கு 150 மி.மீ. என்பது நடைமுறைக்கு உகந்த அளவு. அதற்குக் குறைந்தால் இரண்டாவது நிலத்திலும், கூடினால் முதல் நிலத்திலும் இடர்ப்பாடு மிகும்.

ரீச், ஸ்டேக்: நின்று ஓட்டுபவரின் அளவுகள்

உயரத்தை மட்டும் பார்த்து வண்டியின் அளவைத் தீர்மானிக்கும் பழக்கம், சீட்டில் அமர்ந்தே பெரும்பாலும் ஓட்டப்படும் சாலை மிதிவண்டிகளிலிருந்து வந்தது. மலைப்பாதையில் இறங்கும்போது ஓட்டுபவர் சீட்டைத் தாழ்த்திவிட்டுப் பெடல்களின்மீது எழுந்து நிற்பதால், அவருக்குக் கிடைக்கும் இடத்தை உண்மையில் தீர்மானிப்பவை ரீச், ஸ்டேக் என்னும் இரண்டு அளவுகளே. கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டிலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாயின் மேல்முனை வரை உள்ள கிடைமட்டத் தூரம் ரீச். அதே அச்சிலிருந்து அம்முனை வரை உள்ள செங்குத்து உயரம் ஸ்டேக்.

ஈவோவில் எஸ்3 அளவின் ரீச் 448 மி.மீ., எஸ்4 அளவுக்கு 475 மி.மீ., எஸ்5 அளவுக்கு 498 மி.மீ. ஆகும். சுமார் 175 செ.மீ. உயரமுள்ள ஒருவர் எஸ்3, எஸ்4 ஆகிய இரண்டையுமே ஓட்ட முடியும் என்பதுதான் இந்த அளவுமுறையின் சாரம். இரண்டுக்கும் சீட் குழாயின் நீளம் 20 மி.மீ. மட்டுமே வேறுபடுவதால், பெரிய அளவைத் தேர்ந்தாலும் சீட்டைப் போதிய அளவு தாழ்த்துவதற்குத் தடை இருப்பதில்லை. ஆனால் 27 மி.மீ. ரீச் வேறுபாட்டினால் இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 30 மி.மீ. கூடுகிறது. நீண்ட வண்டி வேகமான இறக்கத்தில் தடம் மாறாமல் செல்கிறது, கரடுமுரடான இடத்தில் ஓட்டுபவரின் எடை முன்னும் பின்னும் நகர்வதைப் பொறுத்துக்கொள்கிறது. குறுகிய வண்டியோ இறுக்கமான வளைவுகளில் விரைவாகத் திரும்புகிறது, முன்சக்கரத்தைத் தூக்கித் தடைகளைத் தாண்டவும் எளிதாக இருக்கிறது. எனவே இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர் தம் உயரத்தை மீண்டும் மீண்டும் அளந்துகொண்டிருப்பதைவிடத் தம் பாதையின் இயல்பைக் கருதுவது பயன் தரும். உயரத்தோடு ஒப்பிடக் கைகள் நீளமானவர் பெரிய அளவின் பக்கமும், குட்டையானவர் சிறிய அளவின் பக்கமும் சாய்வது நல்லது.

அமர்ந்து ஏறும்போது கணக்கு மாறுகிறது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலான தூரத்தை ரீச்சோடு சேர்ந்து சீட் குழாயின் சாய்வும் நிர்ணயிக்கிறது. அச்சாய்வு செங்குத்தை நெருங்க நெருங்க, ஓட்டுபவரின் இடுப்பு பெடல்களுக்கு நேர்மேலே வருவதால் முன்சக்கரம் ஏற்றத்தில் தூக்கிக்கொள்வது குறைகிறது. சீட் உயர்த்தப்படும் அளவுக்கு அது பின்னோக்கியும் நகர்வதால், கால் நீளமானவருக்கு நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் அச்சிடப்பட்ட கோணத்தைவிடச் சாய்வான நிலையே வாய்க்கும். ஆகவே அவர் கடையில் தம் உயரத்துக்குச் சீட்டை ஏற்றி, ஒரு சரிவில் அமர்ந்து மிதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஹேண்டில்பாரை உயர்த்த, அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்முக்குக் கீழே வளையங்களைச் சேர்ப்பது வழக்கம். முன்குழாய் சாய்ந்திருப்பதால் 10 மி.மீ. வளையம் சேர்த்தால் கைப்பிடி சுமார் 4 மி.மீ. பின்னுக்கும் வருகிறது. இவ்வாறு அளவை ஓரளவு திருத்திக்கொள்ள முடியுமே தவிர, தவறான சட்டகத்தை இதனால் சரியான சட்டகமாக ஆக்கிவிட முடியாது.

கோணங்களை மாற்றும் வசதி

முன்குழாய் தரையோடு கொள்ளும் கோணம் ஹெட் ஆங்கிள் எனப்படும். அது குறையக் குறைய முன்சக்கரம் ஓட்டுபவருக்கு முன்னால் தள்ளி நிற்பதால் செங்குத்தான இறக்கத்தில் துணிவு கூடுகிறது. அதே வேளையில் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் இடமும் வலமுமாக அலைகிறது. ஈவோவில் முன்குழாயின் மேற்கிண்ணத்தை மாற்றுவதன் மூலம் ஒரு பாகை கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. பின்பகுதி இணைப்பில் உள்ள சிறு உலோகத் துண்டைத் திருப்பிப் பொருத்தினால் மேலும் அரைப் பாகையும், கிராங்க் அச்சின் உயரத்தில் 7 மி.மீ. அளவும் மாறுகின்றன. இவ்வாறு 63 முதல் 65.5 பாகை வரை ஆறு நிலைகள் கிடைக்கின்றன. பலவகைப் பாதைகளில் ஓட்டுபவர் 64.5 பாகையில், கிராங்க் அச்சு உயர்ந்த நிலையில் தொடங்குவதே ஏற்றது; ஏனெனில் தாழ்ந்த நிலையில் கற்பாதையில் மிதிக்கும்போது பெடல்கள் பாறையில் இடிக்க நேரும்.

பின்சக்கர அச்சுக்கும் கிராங்க் அச்சுக்கும் இடையிலான செயின்ஸ்டே எஸ்1 முதல் எஸ்4 வரை 438 மி.மீ. நீளமும், எஸ்5, எஸ்6 அளவுகளில் 448 மி.மீ. நீளமும் கொண்டிருக்கிறது. முன்பகுதி நீளும்போது பின்பகுதியும் நீளாவிட்டால் உயரமானவரின் எடை பின்சக்கரத்தின் மேலேயே குவிந்துவிடும் என்பதால், இந்த வேறுபாடு வரவேற்கத்தக்கது.

சேக்: முடிவில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சிறு வளையம்

சரியான அளவுள்ள வண்டியும் காற்றழுத்தம் தவறினால் தவறான வண்டியாகவே நடந்துகொள்ளும். ஓட்டுபவரின் எடையால் மட்டும் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதே சேக். ஈவோவின் ஷாக் 55 மி.மீ. அசைவுடையதாகையால், அதில் 30 விழுக்காடு என்பது 16.5 மி.மீ. ஆகும். ஓட்டும்போது அணியும் உடை, தண்ணீர்ப் பை, காலணி எல்லாவற்றோடும் வண்டியின்மேல் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல்கள்மீது நின்று, ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை அதன் உடலை ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு, குலுக்காமல் இறங்கிய பிறகு வளையம் நகர்ந்த தூரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். 16.5 மி.மீட்டருக்கு அதிகமாக நகர்ந்திருந்தால் ஷாக் பம்பினால் காற்றைச் சேர்க்க வேண்டும், குறைவாக நகர்ந்திருந்தால் காற்றைக் குறைக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 20 விழுக்காடு, அதாவது 160 மி.மீட்டரில் 32 மி.மீ., நல்ல தொடக்கமாகும். பின்சேக் அளவுக்கு மேல் இருந்தால் ஹெட் ஆங்கிள் மேலும் சாய்ந்து, கிராங்க் அச்சும் தாழ்ந்து, கவனமாகத் தேர்ந்தெடுத்த அளவுகள் அனைத்தும் வீணாகும்.

குறைகளும் மாற்றுகளும்

ஈவோவில் குறைகளும் உண்டு. நீண்ட, சீரான ஏற்றத்தில் ஷாக்கின் இறுக்க நெம்புகோலைப் பயன்படுத்தாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பின்பகுதி இலேசாக அசைவது தெரிகிறது. அலுமினியச் சட்டகம் கொண்ட முழு வண்டியின் எடை 15 கிலோவைத் தாண்டுகிறது. ஹெட் ஆங்கிளை மாற்ற ஃபோர்க்கைத் தளர்த்தி வேலை செய்ய வேண்டியிருப்பதால், பாதையோரத்தில் நின்று மாற்றும் வசதியாக அதைக் கருத முடியாது. 2024இல் வந்த ஸ்டம்ப்ஜம்பர் 15, முன்பக்கம் 150 மி.மீ., பின்பக்கம் 145 மி.மீ. டிராவலோடு வழக்கமான ஸ்டம்ப்ஜம்பர், ஈவோ ஆகிய பழைய இரு மாடல்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டதால், ஈவோ இன்று பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையிலேயே கிடைக்கிறது.

இதே களத்தில் 140 மி.மீ. பின்டிராவல் கொண்ட டிரெக் ஃபியூவல் இஎக்ஸின் ஆறாம் தலைமுறையும், 145 மி.மீ. கொண்ட சாந்தா குரூஸ் ஹைட்டவரின் மூன்றாம் தலைமுறையும் குறிப்பிடத்தக்கவை. ஏற்றங்களை அதிகம் விரும்புபவருக்கு ஃபியூவல் இஎக்ஸ் பொருத்தமாக அமையும். நடுத்தரத்துக்கும் பெரிதுக்கும் இடையில் அது தரும் கூடுதல் அளவு, இரு அளவுகளுக்கு நடுவே தவிப்பவருக்கு உண்மையான உதவியாகும்.

பலவகைப் பாதைகளுக்கு ஒரே வண்டி வேண்டும் என்பவருக்கு, தம் ரீச்சுக்குப் பொருந்தும் அளவில், நல்ல நிலையில் கிடைத்தால் ஈவோ இன்றும் தயங்காமல் வாங்கத்தக்க வண்டியே. பொருந்தாத அளவில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது. ஷாக்கையும் டயரையும் சீட்டையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சட்டகத்தை மாற்ற இயலாது. ஆகவே வாங்குவோர் அளவுப் பட்டியலில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குச் சென்று, அடுத்தடுத்த இரண்டு அளவுகளையும் நின்றும் அமர்ந்தும் ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.