தூள் அடுப்பு

மரத்தூள் அடுப்பின் அழகெல்லாம் அதை அடைக்கும் கையில்தான் இருக்கிறது. அடிப்பக்கம் ஓட்டை போட்ட தகர வாளி. ஓட்டைக்குள் ஓர் உருட்டுக் கட்டை, நடுவில் நிமிர்த்திய போத்தல். இரண்டும் அடியில் முட்டி நிற்க, சுற்றிவரத் தூளைக் கொட்டிக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். பிறகு போத்தலை மெல்லத் திருகி எடுத்து, கட்டையை உருவினால் காற்றுக்கு வழி பிறந்துவிடும். கீழே நெருப்பு வைத்தால் தூள் உள்ளிருந்து வெளிநோக்கி நிதானமாக எரியும். ஊதத் தேவையில்லை. சோறும் ஆணமும் ஆகி, தேத்தண்ணிக்கும் சூடு மிஞ்சும். எனக்கு இதைவிட மதிப்பான அடுப்பு தெரியாது.

தளர அடைத்தால் தூள் சுவர் இடிந்து நெருப்பை மூடும். ஈரத்தூள் புகையும், ஆகவே எங்கள் ஏறாவூர் மாரியில் வெயில் கண்டவுடன் தூளைச் சாக்கில் பரப்பிவிட வேண்டும்.

மரக்காலைத் தூள் கிடைக்காவிட்டால் உமி இருக்கிறது, நெல் விளையும் மண்ணல்லவா! நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உமி. எரிந்தபின் அதிலும் ஐந்தில் ஒன்று சாம்பலாக மிஞ்சும், பெரும்பாலும் சிலிக்கா. ஆகவே உமி அடுப்பில் சாம்பலை அடிக்கடி இறக்க வேண்டும்.

கனடாவில் இதே மரத்தூளைக் குறுணைகளாக அழுத்தி, மின்சாரத்தில் ஓடும் திருகுதண்டும் விசிறியும் உள்ள அடுப்புகளில் எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். மின்சாரம் நின்றால் பெரும்பாலானவை அணைந்துவிடும். 2022இல் இலங்கையில் எரிவாயுவும் இல்லை, மின்வெட்டோ ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம். தகர வாளிக்கு எரிவாயு, மின்சாரம் இரண்டுமே தேவைப்படவில்லை. காற்றோட்டமான பின்விறாந்தை மட்டும் போதும்.