கொழுப்பு வியாழன் பலகாரங்கள்

தவக்காலத்துக்கு முன் வீட்டிலுள்ள கொழுப்பையும் முட்டையையும் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த பலகாரங்கள் ஐரோப்பாவில் ஏராளம். இன்று நாம் அனுசரிக்கும் ஒருசந்தி, சுத்தபோசனத்தைவிட இடைக்கால ஒழுங்கு மிகக் கடுமையானது. இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி யாவும் விலக்கு. எந்தத் திருச்சபை எதை எப்போது விலக்கியதோ, அதுவே அந்தந்த நாட்டுப் பலகாரத்தின் இலக்கணமாயிற்று.

போலந்தில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய வியாழன்தான் பெருநாள். கொழுப்பு வியாழன் என்றே பெயர். அன்று பொன்ச்கி எனும் பூரணம் வைத்துப் பொரித்த மாவு உருண்டையைச் சாப்பிடாதவருக்கு ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம் இராது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டு வழக்கங்களை எழுதிவைத்த பாதிரியார் யென்ட்ஷெய் கிதோவிச், பழைய பொன்ச்கியை எறிந்தால் கண் கன்றிப்போகும் என்றும், தம் காலத்தது அமுக்கினாலும் மறுபடி உப்பி எழும் என்றும் குறித்திருக்கிறார்.

அந்த மென்மைக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவில் நிறைய மஞ்சள் கரு, வெண்ணெய், ஒரு கரண்டி சாராயம் சேரும். காய்ந்த பன்றிக்கொழுப்பில் இறங்கியதும் சாராயம் ஆவியாகி வெளியேறுவதால் கொழுப்பு உள்ளே ஏறுவது குறையும். நன்றாகப் பொங்கிய உருண்டை பாதிதான் மூழ்கும். திருப்பிப் போட்டு எடுத்தால் நடுவில் வெளிறிய வளையம் ஒன்று சுற்றி ஓடும். கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். வளையமில்லாதது மாவு சரியாகப் பொங்காதது. உள்ளே கனத்துக் கிடக்கும்.

பூரணத்தில்தான் கட்சிகள் பிரிகின்றன. ரோஜா இதழைச் சர்க்கரையோடு அரைத்த பூரணம் ஒரு கட்சி, வற்றக் காய்ச்சிய பிளம்ஸ் பழம் இன்னொன்று. மாவுக்குள் வைத்து மூடிப் பொரிப்பது பழைய முறை. பொரித்தபின் குழாயால் செலுத்துவது கடைமுறை. என் ஓட்டு பழைய முறைக்கே. சூட்டில் ரோஜாச் சாறு கசிந்து மாவில் ஊறுகிற மணத்தைக் குழாய் தராது. இதே நாளில் பொரிக்கும் ஃபவோர்கி என்ற மெல்லிய முறுக்கிய பட்டைக்கு அளவுகோல் வேறு: மாவை உருட்டுக்கட்டையால் அடித்து அடித்துக் காற்றேற்ற வேண்டும், பொரிந்ததும் மேலெல்லாம் கொப்புளம் தெரிய வேண்டும்.

ரஷ்ய மரபில் கடைசி வாரத்துக்கு முன்பே இறைச்சி நின்றுவிடும்; பால்பொருள் மட்டும் ஒரு வாரம் தொடரும். மாஸ்லெனித்சா எனும் அந்த வாரம் முழுக்க வெண்ணெயின் ஆட்சி. பக்வீட் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பிளினியில் ஆப்பம்போலத் துளைகள் விழ வேண்டும். துளை இருந்தால்தான் வெண்ணெய் இறங்கும். புதன்கிழமை மாமியார் மருமகனை அழைத்துப் பிளினி பரிமாறுவார். வாரக் கடைசி ஞாயிறு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள்.

சுவீடனின் செம்லா ஏலக்காய் மணக்கும் பன். உள்ளே பாதாம் விழுது, மேலே அடித்த பாலேடு. 1771 பிப்ரவரி 12 அன்று பெருவிருந்தின் முடிவில் இதன் பழைய வடிவத்தைச் சாப்பிட்ட மன்னர் அடோல்ஃப் ஃபிரெட்ரிக் அன்றே இறந்தார். சீர்திருத்தச் சபை வந்தபின் அங்கே நோன்புக் கட்டாயம் போயிற்று, பன் நிலைத்தது. இப்போது கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கடைக்கு வந்துவிடுகிறது. சூடான பாலில் மிதக்கவிட்டுக் கரண்டியால் உண்ணும் பழைய வழக்கத்தை விடாத வீடுகள் இன்னும் உண்டு. செம்லாவை அப்படி ஒரு வீட்டில்தான் ருசி பார்க்க வேண்டும்.